பூ கிடைத்த ஐந்து சென்ட்

எங்கள் தெருவில் பேர் இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். மற்ற வீடுகளில் கேட் தூணில் கருப்பு கிரானைட் பதித்து, தங்க எழுத்தில் ஒரு சாமி பேரோ பேரப்பிள்ளை பேரோ பொறித்திருப்பார்கள். அமிர்தராஜ் வீட்டுத் தூணில் கல்லுக்காகக் கொத்தனார் விட்டுவைத்த சதுரப் பள்ளம் மட்டும் இருக்கிறது. அதில் குளவி கூடு கட்டும். அவர் மனைவி சூசைமேரி விளக்குமாற்றால் தட்டிவிடுவார். மறுபடியும் கட்டும். பத்திரம் ஆகட்டும், பேர் பதித்துக்கொள்ளலாம் என்று அமிர்தராஜ் சொல்லித்தான் அந்தப் பள்ளம் விடப்பட்டது. அவர் குடிவந்து இப்போது பதின்மூன்றாவது வருடம் நடக்கிறது.

நான் பாலகோபால். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறேன். ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதிரில் ஒரு சின்னக் கடை போட்டுப் பத்திரம் டைப் அடிப்பது என் பிழைப்பு. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவன் நிலத்தின் நான்கு எல்லைகளை அடித்துக்கொண்டே இருப்பவனுக்கு மனிதர்கள் மேல் பெரிய மயக்கம் எதுவும் மிஞ்சாது. கூடப் பிறந்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதைத் தினமும் பார்க்கிறேன். என் மனைவி என்னைக் கல்நெஞ்சன் என்பாள். இருந்துவிட்டுப் போகிறேன். அமிர்தராஜைப் போல இளகிய நெஞ்சோடு இருந்து என்ன கண்டார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அமிர்தராஜ் காயில் கட்டுகிறவர். சிங்காநல்லூர் பக்கம் ஒரு தகர ஷெட்டில் எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் போட்டு, முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி உயிர் கொடுப்பார். அந்த வேலைக்கு வேண்டிய பொறுமை அவர் உடம்பு முழுக்க ஊறிக் கிடந்தது. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கூடக் கடைசி வரிசையில் தூணோரமாக நிற்பார், முன்னால் காலி பெஞ்சு இருந்தாலும். கேட்டு வாங்குவது என்ற ஒன்று அவருக்கு வரவே வராது. ரிப்பேர் ஆன மோட்டாரை வாடிக்கையாளர் எடுக்க வரவில்லை என்றால், கூலியைக் கேட்க வந்ததாக நினைத்துவிடுவாரோ என்று பயந்து, வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்த மகான் அவர்.

மோகன்குமாரைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் நல்லவர். இதைச் சொல்லாவிட்டால் படிக்கிறவர்கள் அவரை ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். சூலூரைத் தாண்டி அவர்களுக்குத் தென்னந்தோப்பும் ரோட்டோரமாகக் கொஞ்சம் மானாவாரி மேட்டுக்காடும் இருந்தது. யார் வந்து எது கேட்டாலும் மோகன்குமார் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "பண்ணிப்போடலாமுங்க." கோயில் மதில், ஸ்கூல் பிள்ளைகளுக்கு பெஞ்சு, சொந்தக்காரப் பையனுக்கு வேலை, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். சொல்கிற அந்த நிமிடத்தில் மனதாரச் சொல்லுவார். அதில்தான் ஆபத்தே இருந்தது.

இருவருக்கும் பழக்கமானது எரிந்த மோட்டாரால்தான். ஒரு கோடையில் தோப்புக் கிணற்று மோட்டார் மூன்று முறை எரிந்தது. மூன்று முறையும் அமிர்தராஜ் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டுக் காயில் கட்டிக் கொடுத்தார். பணம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் பணம் கேட்கவில்லை, இவர் தேங்காயும் இளநீருமாக அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து ஆள் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து போவார்கள். அத்தனை வருடப் பழக்கத்தில் இருவருக்கும் நடுவில் ஒரு பில் கூட எழுதப்பட்டதில்லை. அதை இருவருமே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அமிர்தராஜ் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது மோகன்குமாருக்குத்தான் கோபம் வந்தது. நம்ம ரோட்டோரக் காடு சும்மாதானே கிடக்கிறது, அதில் ஐந்து சென்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். விலையும் நியாயமான விலைதான். நிலம் அப்போது அவர் அப்பா கந்தப்பன் பேரில் இருந்தது. கந்தப்பனும் சரி என்றார். அமிர்தராஜ் தன் பங்குக்கு வந்த பூர்வீக ஓட்டு வீட்டை விற்று, முழுப் பணத்தையும் கொடுப்பதாகச் சொன்னார். கிரய ஒப்பந்தம் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் நச்சரித்து, ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி, நானே டைப் அடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தேன். அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டுதான் அவர் கிளம்பினார்.

கிளம்பியது மோகன்குமார் குடும்பத்துக் குலதெய்வக் கோயிலுக்கு. காங்கேயம் போகிற வழியில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் நிலம் விற்பதாக இருந்தால் அம்மனிடம் பூக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்துக் குலுக்கிப் போடுவார்கள். யாராவது ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவார்கள். அன்றைக்கு வெள்ளைப் பூ வந்தது. கந்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். அமிர்தராஜ் தட்டில் பணத்தை வைத்துக் கொடுத்தார், கந்தப்பன் வெற்றிலை பாக்கோடு அந்தப் பூவை வைத்துத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அம்மனே பூக் குடுத்துட்டாளுங்க. இன்னிக்கிருந்து அது உங்க எடம்" என்று சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் அமிர்தராஜ் என் கடைக்கு வந்தார். நெற்றியில் வியர்வையும் முகத்தில் கல்யாண வீட்டுக் களையுமாக இருந்தார். கையெழுத்து வாங்கியாச்சா என்றேன். பையிலிருந்து ஸ்டாம்ப் பேப்பரை எடுத்து மேஜை மேல் வைத்தார். நான் வைத்த பென்சில் புள்ளி அப்படியே இருந்தது.

"எப்படிங்க கேக்கறது? அவுங்க சாமியே சரின்னு சொல்லிப்போட்டுது. அதுக்கு மேல நானு பேப்பரை நீட்டுனா, உங்க சாமி சொன்னது எனக்குப் பத்தாதுன்னு சொல்றாப்ல ஆயிராதுங்களா? அதுவும் நானு வேதக்காரன்."

எனக்கு வந்த கோபத்தில் ஸ்டேப்ளரை எடுத்து மேஜையில் போட்டேன். ஒரு வேதக்காரர், அடுத்தவர் சாமிக்கு மரியாதை கொடுக்கப்போய், பூர்வீக வீட்டை விற்ற பணம் முழுவதையும் தட்டில் வைத்துவிட்டு ஒரு அரளிப்பூவை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த அம்மன் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் அம்மன் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டாள் அல்லவா? அந்தப் பேப்பரை நான் கிழிக்கவில்லை. என் ஃபைலில் இன்னும் கிடக்கிறது.

பத்திரத்துக்கு நாள் பார்த்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் பத்திரம் பண்ணுவார்கள்? பத்திரம் இருக்கட்டும், ஆடி முடிந்ததும் வீட்டு வேலையை ஆரம்பித்துவிடுங்கள் என்று மோகன்குமார் அவசரப்படுத்தினார். ஆடி முடிந்த கையோடு கடைக்கால் தோண்டியபோது அவரே வந்து தேங்காய் உடைத்தார். பிளான், கரண்ட், தண்ணீர் எல்லாமே நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் வாங்க முடியும் என்பதால் கந்தப்பன் பேரில் வாங்கினார்கள். வீடு எழும்பியது. கட்டட வேலை மும்முரத்தில் பத்திரப் பேச்சு பின்னால் போனது, அப்புறம் மார்கழி வந்து தள்ளிப்போனது. அப்புறம் ஒரு நாள் மோகன்குமார் நிஜமாகவே தயாராக வந்து நின்றார். அடுத்த புதன்கிழமை பண்ணிவிடலாம், அப்பாவைக் காரில் கூட்டி வந்துவிடுகிறேன் என்றார். அப்போது தவக்காலம். சூசைமேரி, நல்ல காரியத்தை ஈஸ்டர் கழித்துச் செய்யலாமே என்றார். அந்தப் பக்கம் தள்ளிப்போட ஆடியும் மார்கழியும் இருந்ததென்றால் இந்தப் பக்கம் தவக்காலம் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் கந்தப்பன் தோப்பில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்புதான். சாவு நடந்த வீட்டில் ஒரு வருடம் விற்க வாங்கக் கூடாது என்றார்கள். அடுத்து மோகன்குமாரின் மகள் கல்யாணம். அடுத்து அவருக்கு நெஞ்சு வலி. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடிக்கலாம், உண்மையான காரணத்தை என்ன செய்வது?

அமிர்தராஜ் காலையில் என் கடை வாசலில் வண்டியை நிறுத்துவார். இன்னிக்குக் கேட்டுப்போடறேனுங்க என்பார். சரி, என்ன கேட்பீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள் என்பேன். சொல்லிக் காட்டுவார். நன்றாகவே சொல்லுவார். மத்தியானம் திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் ஒரு வாழைத்தார் இருக்கும். கேட்டீர்களா என்றால், அவர் வாசலுக்கே வந்து வாங்க வாங்க என்று கூப்பிட்டு, சாப்பிட வைத்து, தாரையும் வெட்டிக் கட்டிக் கொடுத்தார், அந்த நேரத்தில் போய் எப்படிங்க என்பார். எத்தனை தார்! எங்கள் தெரு முழுக்கப் பழம் தின்றது. முப்பது வருடப் பழக்கத்தில் அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு தடவை கூட ங்க போடாமல் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு தடவை வாடா போடா என்று கட்டிப் புரண்டிருந்தால் அந்த வீடு பிழைத்திருக்கும் என்று நான் சூசைமேரியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

சிரிக்க முடியாதபடிதான் அந்த வீட்டில் அவர்கள் இருந்தார்கள். கரண்ட் பில் செத்துப்போன கந்தப்பன் பேரில் வரும். வீட்டு வரியும் அவர் பேரில். முன்னால் ஒரு கூரை போடுவதென்றாலும் மோகன்குமாரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவார் அமிர்தராஜ். அவர் கேட்கவே மாட்டார், இவர் சொல்லாமல் இருக்க மாட்டார். சுவரில் ஆணி அடிக்கும்போது கூட யாரோ பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். விற்றுவிட்டு வேறு இடம் போகலாம் என்றால் விற்க அவரிடம் எதுவும் இல்லை. விட்டுவிட்டுப் போகலாம் என்றால் உள்ளதெல்லாம் அந்தச் சுவருக்குள்தான் இருந்தது.

மகள் ஃபெமினா நர்ஸ் வேலை பார்க்கிறாள். மேலே இரண்டு ரூம் கட்டி அப்பா அம்மாவோடு இருந்துவிட ஆசைப்பட்டு பேங்கில் லோன் கேட்டாள். பேங்கில் மூலப் பத்திரம் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து, அப்பா, இந்த ஊடு யாருது என்று நேராகவே கேட்டுவிட்டாள். அமிர்தராஜ் நம்மளுதுதான் கண்ணு என்றார். அப்படியென்றால் பேப்பர் எங்கே என்றாள். அன்று அவர் சாப்பிடவில்லை. சூசைமேரி தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "ஏனுங்க, உங்க மரியாதைக்குள்ள நானும் எம்புள்ளையும் எத்தனை நாளைக்குங்க குடியிருக்கறது?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் போய் அமிர்தராஜ் கேட்டேவிட்டார்.

மோகன்குமார் பதறிப்போனார். இதைக் கேட்க வேண்டுமா, நாளைக்கே பண்ணிப்போடலாமுங்க என்றார். அப்பா உயில் எழுதாமல் போனதால் தங்கை புவனாவின் கையெழுத்து ஒன்று வேண்டும், நான் சொன்னால் போடும் என்று போன் செய்தார். புவனாவைக் கட்டிக்கொடுத்தது மேட்டுப்பாளையத்தில், பாக்கு வியாபாரக் குடும்பம். சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் புவனா என் கடைக்கு வந்து, அண்ணனுக்கும் அமிர்தராஜுக்கும் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கொடுத்த வரைவை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நான்கு எல்லையைப் படிக்கும்போது விரல் நின்றது.

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அப்பா காரியத்தன்று, சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது, அழுதுகொண்டிருந்த தங்கையிடம் மோகன்குமார் ரோட்டோரக் காடு முழுவதும் உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காட்டில் ஐந்து சென்ட்டில் அமிர்தராஜ் வீடு நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாதா? தெரியும். புவனாவும் பார்த்திருக்கிறார், அண்ணன் வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். அழுகிற தங்கைக்கு அந்த நேரத்தில் எது ஆறுதலோ அதை மோகன்குமார் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை நம்பித்தான் புவனா தோப்பில் பங்கு கேட்காமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறார். தோப்பை அண்ணன் பேங்கில் வைத்துக் கடன் வாங்கியபோதும் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

புவனா சத்தம் போடவில்லை. அமிர்தராஜ் பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் குடுத்ததும் வாக்குதானுங்க, எனக்குக் குடுத்ததும் வாக்குதானுங்க. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க."

மோகன்குமார் அழுதார். நிஜமாகவே அழுதார், துண்டு நனைகிற அளவுக்கு. இரண்டு பேருக்கும் பண்ணிப்போடலாம் என்றார். தோப்புக்குள்ளே ஐந்து சென்ட் தருகிறேன் என்றார், பேங்கில் இருக்கிற தோப்பில். வீட்டைத் தூக்கி எங்கே வைப்பது என்று நான்தான் கேட்டேன். வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். அந்தப் பணத்துக்கு இன்று அந்த ரோட்டில் ஒரு வண்டி நிறுத்தக் கூட இடம் கிடைக்காது. கடைசியில், கோயிலுக்குப் போய் அம்மனிடம் மறுபடி பூக் கேட்கலாம் என்றார்.

"வேண்டாமுங்ணா" என்றார் புவனா. "பூவை நான் நம்பறேன். உங்களைத்தான் நம்ப முடியல."

அமிர்தராஜை இழுத்துக்கொண்டு நான் வக்கீலிடம் போனேன். காந்திபுரத்தில் லாட்ஜுகளுக்கு நடுவில் ஒரு மாடியில் உஸ்மா என்ற வக்கீல். கெட்டிக்காரி, வாயைத் திறந்தால் தேவையில்லாத வார்த்தை வராது. எழுத்து ஏதாவது இருக்கிறதா என்றார். கையெழுத்து இல்லாத ஸ்டாம்ப் பேப்பரைக் காட்டினேன். பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். வாய்ப்பேச்சுக்கும் வழக்குப் போடலாம், சாட்சி யார் என்றார். கந்தப்பன் செத்துவிட்டார். மோகன்குமார் வந்து ஒத்துக்கொள்வார் என்றார் அமிர்தராஜ். ஒத்துக்கொண்டால் அவர் பங்குக்குத்தான் செல்லும், தங்கை பங்கை அவர் எப்படி விற்க முடியும் என்றார் வக்கீல். இத்தனை வருடம் கழித்து வருவதால் அதுவும் நிற்பது கஷ்டம்.

இன்னொரு வழி இருக்கிறது என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு மேலே அந்த இடத்தில் இருக்கிறார், அது ஒரு பலம். ஆனால் சும்மா இருந்தேன் என்றால் போதாது. அவர்கள் இடம் என்று தெரிந்தே, அவர்களுக்கு விரோதமாக, இது என்னுடையது என்று வெளிப்படையாகப் பிடித்து வைத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

"அவுங்க சம்மதத்தோட இருந்தேன்னு சொன்னீங்கன்னா கேஸே கிடையாதுங்க. அவர் உங்களுக்கு எதிரி. முதல் நாள்லயிருந்து எதிரி. அப்படித்தான் எழுதணும்."

"கடைக்காலுக்குத் தேங்கா ஒடச்சவருங்க அவரு" என்றார் அமிர்தராஜ்.

"அதைத்தான் கோர்ட்ல சொல்லக் கூடாதுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது எனக்கு. எழுதிவிட்டுப் போங்களேன், பொய்யா அது, உங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கியவர் எதிரி இல்லாமல் வேறு யார் என்று கேட்டேன். நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மோகன் தம்பி என் கையைத்தானே பிடித்துக்கொண்டிருந்தார் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சத்தியம் பண்ணி அந்த வார்த்தையைச் சொல்ல அவரால் முடியாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

கூத்து என்னவென்றால், விஷயம் கேள்விப்பட்டு மோகன்குமாரே ஓடி வந்தார். "எழுதுங்கண்ணா. எதிரின்னே எழுதுங்க. நானே கோர்ட்டுக்கு வந்து ஆமாங்கறேன்." நான் வக்கீலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எதிராளியே கூட வந்து உதவி செய்தால் அதற்குப் பேர் விரோதம் இல்லைங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நட்பு அந்த வாசலையும் அடைத்துக்கொண்டு நின்றது.

பாகப் பிரிவினைப் பத்திரத்தை நான்தான் அடித்தேன். தோப்பு அண்ணனுக்கு, கடனோடு. ரோட்டோரக் காடு தங்கைக்கு, அதிலுள்ள கட்டிடம் உட்பட. கட்டிடம் உட்பட என்ற இரண்டு வார்த்தையை அடிக்கும்போது என் விரல் ஓடவில்லை. எழுத்துதான் பெரிது என்று நாள் முழுக்க ஊருக்கு உபதேசம் பண்ணுகிற நான், அந்த எழுத்தை வெறுத்த நாள் அது. ஆனால் கூலி வாங்கினேன், அடித்துக் கொடுத்தேன். நான் அடிக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் அடித்திருப்பார்.

புவனாவையும் கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை. அமிர்தராஜ் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பேசினார். சூசைமேரி தண்ணீர் கொடுத்தார், அதற்கு மேல் எதுவும் கொடுக்கவில்லை. உங்களை வெளியே போகச் சொல்ல மாட்டேன், பேருக்கு ஒரு வாடகை கொடுத்துக்கொண்டு இருங்கள் என்றார் புவனா. ஆனால் எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளைக்கு அவர்களுக்குக் குழப்பம் வரக் கூடாது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் கோர்ட் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும் என்றார். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். என் கடையில் உட்கார்ந்து நானே சொல்லக்கூடிய வார்த்தைகள்.

போன வெள்ளிக்கிழமை எல்லோரும் என் கடைக்கு வந்தார்கள். சூசைமேரி வரவில்லை. அந்தக் கண்றாவியைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வாடகை ஒப்பந்தத்தை நான் படித்துக் காட்டினேன். உரிமையாளர் புவனா. வாடகைதாரர் அமிர்தராஜ். வாடகைதாரரின் முகவரி என்ற இடத்தில் அதே வீட்டின் கதவு எண். காலம் பதினோரு மாதம். பதினோரு மாதம்தானா என்றார் அமிர்தராஜ். வழக்கமாக அப்படித்தான் போடுவது, முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். புவனா காலம் என்று இருந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

சாட்சியாகக் கையெழுத்துப் போட வந்திருந்த மோகன்குமார் நாற்காலியை அமிர்தராஜ் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது சும்மா பேப்பருங்ணா. வருசா வருசம் புதுப்பிச்சுப்போடலாமுங்க. உங்களை அங்கிருந்து யாரும் அசைக்க முடியாது. நான் இருக்கறேன்ல?"

அமிர்தராஜ் அவர் முகத்தைப் பார்த்தார். நான் அவரை அப்படி நேராகப் பார்த்து இதற்கு முன்னால் கண்டதில்லை.

"அதை எழுதித் தர்றீங்களா தம்பி?" என்றார்.

என் விரல்கள் கீபோர்டுக்குப் போய்விட்டன. ஒரு வரிதான். தங்கை புதுப்பிக்காவிட்டால் நானே பொறுப்பு என்று ஒரு வரி. மோகன்குமாரின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. கண்ணில் தண்ணீர் நின்றது. கையை எடுத்துக்கொண்டார்.

"இத்தனை வருசம் பழகிப்போட்டு, எம் மேல நம்பிக்கையில்லீங்களாண்ணா?"

சொல்லுங்கள், இல்லை என்று சொல்லுங்கள், ஒரே ஒரு தடவை சொல்லுங்கள் என்று நான் மனதுக்குள் கத்தினேன். அமிர்தராஜ் பதறி எழுந்து, எடுத்துக்கொண்ட அந்தக் கையைத் தானே போய்ப் பிடித்தார்.

"அய்யோ, அப்படியில்லீங்க தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வார்த்தையே போதுமுங்க."

என்னிடம் பேனா கேட்டார். பென்சில் புள்ளி எங்கே என்று பழக்கதோஷத்தில் தேடினார், நான் வைத்திருக்கவில்லை. வாடகைதாரர் என்று இருந்த இடத்தைக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக, காயில் கட்டுகிற அதே பொறுமையோடு முழுப் பேரையும் எழுதினார். அவர் பேரும் அந்த வீட்டின் கதவு எண்ணும் ஒரே ஸ்டாம்ப் பேப்பரில் சேர்ந்து வந்தது அதுதான் முதல் தடவை.